பிள்ளைகளின் பாட்டைப் பிள்ளைகளே எழுதட்டும்

எட்டு வயதுப் பிள்ளையொன்று கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அன்று அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்று பெற்றோர் முன்னிலையிலும் இக்கல்லூரி மாணவிகள் முன்னிலையிலும் அதற்குப் பதில் சொல்ல விரும்புகின்றேன்.

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. கிழக்குக் கரையோரக் கிராமம் ஒன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருக்கின்றேன். தமிழில் கொஞ்சம் எழுதக்கூடியவள் என்ற பெயர் எனக்கு உண்டு. அந்தப் பெயரோடு ஒரு வேலையும் கூடவே வரும். சிறுவர் ஆக்கப் போட்டி என்று ஓர் அறிவித்தல் வந்துவிட்டால், “டீச்சர், நம்மட பிள்ளைக்கு ஒரு பாட்டு எழுதித் தாங்க” என்று உம்மாமார் வந்து நிற்பார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். ஒன்றிரண்டல்ல, பல வருடங்கள் எழுதிக் கொடுத்தேன். நிலவு, குயில், தென்றல், பூஞ்சோலை எல்லாம் வரிசையாக வந்து போகும். கீழே பிள்ளையின் பெயர் இருக்கும். சில பாட்டுகளுக்குப் பரிசும் கிடைத்தது. பிள்ளை மேடையில் நின்று சான்றிதழ் வாங்கும்போது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அப்படி ஒரு தடவை தரம் 3 பிள்ளை ஒன்றுக்குப் பாட்டை மனனமாக்கிக் கொண்டிருந்தேன். “பூஞ்சோலை என்றால் என்ன மகள்?” என்று கேட்டேன். தெரியவில்லை. விளக்கம் சொன்னேன். அவள் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“டீச்சர், கீழ என்ட பேர் இருக்கு. ஆரும் கேட்டா நான்தான் எழுதின எண்டு சொல்லணுமா?”

“ஓம், அதுக்கென்ன?”

“அது பொய்தானே டீச்சர்?”

“போய் விளையாடுங்க மகள்” என்று அனுப்பிவிட்டேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று வீட்டில் உம்மாவும் வாப்பாவும், குர்ஆன் மத்ரஸாவில் உஸ்தாதும், வகுப்பில் நானும் சொல்லிக் கொடுத்திருக்கின்றோம். அதே பிள்ளையின் கையில் நாங்களே ஒரு பொய்யைக் கொடுத்து, அதற்குப் பரிசும் வாங்கிக் கொடுத்து, போட்டோவும் எடுத்துக் கொள்கின்றோம். பிள்ளைக்கு விளங்கியது எங்களுக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் பாட்டு எழுதிக் கொடுப்பதில்லை. பிள்ளைகளையே எழுத வைக்க வேண்டும் என்று எண்ணினேன். எண்ணியது இலகு. செய்தது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை.

முதல் நாள் வகுப்பில், “உங்கட வீட்டைப் பற்றி ஒரு பாட்டு எழுதுங்க” என்றேன். கொப்பிகளைத் திறந்து பார்த்தால் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான். எங்கள் வீடு அழகான வீடு, எங்கள் வீடு நல்ல வீடு. தகரக் கூரை வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் எழுதியிருந்தது, மாடி வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் எழுதியிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பாட்டு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அதுவரை காட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள்தானே?

அடுத்த கிழமை கேள்வியை மாற்றினேன். “நேற்றுப் பாடசாலை விட்டு வீட்டுக்குப் போனதில இருந்து இரவு படுக்கும் வரைக்கும் என்னென்ன சத்தம் கேட்டீங்க?” என்று கேட்டேன். வகுப்பு எழும்பிவிட்டது. தேங்காய் திருவுகின்ற சத்தம். ராத்தாவின் தையல் மெஷின். வாப்பாவின் மோட்டார் சைக்கிள் சந்தியில் திரும்பும்போது போடுகின்ற சத்தம். மீன்காரரின் ஹோர்ன். ஒரு பிள்ளை, “முதல்ல நம்மட பள்ளியில பாங்கு, அது முடியிறத்துக்குள்ள கடற்கரைப் பள்ளியில பாங்கு, ரெண்டும் சேர்ந்தா காத்துல ஆடுறமாதிரி இருக்கும்” என்றாள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது அதுவரை காதில் பட்டதில்லை.

பிறகு கைதட்டிச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். எதுகை, மோனை என்ற பெயர்களை நான் சொல்லவில்லை. தட்டோடு சேர்ந்து வருகின்ற சொல்லை வையுங்கள், இடறுகின்ற சொல்லை மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் ஒரு பையன் கொண்டு வந்து காட்டினான்:

பாண் ஆட்டோ வருகுது
பாட்டுப் பாடி வருகுது
காசு தேடி ஓடினேன்
கதவில் காலை மோதினேன்
பாட்டு மட்டும் கேக்குது
பாணைக் காணக் கிடைக்கல்ல

எங்கள் நாட்டில் பாண் விற்கின்ற ஆட்டோக்கள் வாசிக்கின்ற மெட்டு, பீத்தோவன் என்ற ஜேர்மனிய இசைமேதை பியானோவுக்கு எழுதியது. இது பிள்ளைக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்த மெட்டைத் துரத்திக்கொண்டு ஓடி, கதவில் காலை மோதி, ஆட்டோவைத் தவறவிட்ட கவலை அவனுடையது. முதலில் அவன் ‘வாசலில் காலை மோதினேன்’ என்றுதான் எழுதியிருந்தான். ‘காசு’ வரிக்குக் கீழே ‘கதவு’ வந்தால் நன்றாக இருக்கும் என்று பக்கத்துப் பிள்ளை சொன்னது. “உண்மையில எதில மோதின?” என்று கேட்டேன். “கதவிலதான் டீச்சர்” என்றான். மோனையும் கிடைத்தது, உண்மையும் கெடவில்லை.

எப்போதும் இப்படி அமைந்துவிடாது. இன்னொரு பிள்ளை நீலச் சட்டையை ஓசைக்காகச் சிவப்புச் சட்டை ஆக்கியபோது வகுப்பில் பெரிய வாதமே நடந்தது. இறுதியில் சட்டை நீலமாகவே இருக்கட்டும், வரியை மாற்றுவோம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். கற்பனை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டில் பூனை பேசலாம். ஆனால் அது அவர்கள் வீட்டுப் பூனையாக இருக்க வேண்டும்.

இனி, என்னிடம் வந்த ஆட்சேபனைகளுக்கு வருகின்றேன். அவை நியாயமானவை. நியாயமாகவே பதில் சொல்ல வேண்டும்.

“பாட்டு எதற்கு? எங்கள் வீட்டில் பாட்டுக்கு இடமில்லை” என்று ஒரு வாப்பா சொன்னார். அவருடைய பேணுதலை நான் மதிக்கின்றேன். எங்கள் வகுப்பில் வாத்தியக் கருவி எதுவும் இல்லை. கையும் வாயும்தான். அகழ் யுத்தத்துக்காக மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டியபோது ஸஹாபாக்கள் பாடிக்கொண்டு மண் சுமந்ததும், நபி (ஸல்) அவர்களும் அவர்களோடு சேர்ந்து சொன்னதும் ஸஹீஹுல் புகாரியில் வருகின்றது. பெருநாள் தினத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்ததை அபூபக்ர் (ரழி) அவர்கள் கண்டித்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு நபியவர்கள் சொன்னதும் அதே கிரந்தத்தில் உண்டு. வேலையோடு வந்த பாட்டு, பெருநாளோடு வந்த பாட்டு என்று இரண்டுமே அன்றாட வாழ்க்கையின் பாட்டுகள். கெட்ட வார்த்தையும் பொய்யும் இல்லாத ஆறு வரியைப் பிள்ளை சொந்தமாகக் கட்டினால் நாம் பயப்பட வேண்டியதில்லை. கண்ட கண்ட சினிமாப் பாட்டைக் கைத்தொலைபேசியில் கேட்டு அப்படியே பாடுகின்ற பிள்ளைக்கு, சொந்தமாக ஒரு பாட்டு இருப்பது ஒரு பாதுகாப்பும்கூட.

“புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்பது அடுத்தது. கிழமைக்கு ஒரு பாடவேளை. வியாழக்கிழமை கடைசிப் பாடம், பிள்ளைகள் களைத்துப் போயிருக்கின்ற நேரம். இதனால் புள்ளி கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நான் கண்டதை மட்டும் சொல்கின்றேன். ‘எனது வீடு’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது ஏதாவது ஒன்றை எழுதத் தொடங்கிவிடுகின்றார்கள். எழுத என்ன இருக்கின்றது என்ற கேள்வி அவர்களிடம் இல்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே வைத்திருக்கின்றோம். சுற்றாடலை உற்றுப் பார்த்து ஆறு வரி எழுதுவது அந்தப் பாடத்துக்கு வெளியே இருக்கின்ற விஷயமல்ல.

“பேச்சுத் தமிழில் எழுதினால் பிள்ளையின் தமிழ் கெட்டுப் போகாதா?” என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். எனக்கும் இந்தப் பயம் இருந்தது. பிள்ளைகள் ‘மூத்தம்மாட கண்ணாடி’ என்று எழுதும்போது ‘மூத்தம்மாவின் கண்ணாடி’ என்று திருத்தக் கை துடிக்கும். திருத்தினால் ஓசை போய்விடும், மூத்தம்மாவும் போய்விடுவார். ஆகவே பாட்டில் வீட்டுப் பேச்சு இருக்கட்டும், கட்டுரைப் பாடத்தில் எழுத்துத் தமிழ் இருக்கட்டும் என்று பிரித்து வைத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கின்ற பிள்ளைக்கு வித்தியாசம் தானாக விளங்குகின்றது. வீட்டுப் பேச்சு பிழையானது என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லிவிடக்கூடாது. அது அதன் உம்மாவின் வாய்மொழி.

“பெரிய புலவர்களின் பாட்டுகள் இருக்கும்போது பிள்ளைகளின் கிறுக்கல் எதற்கு?” என்பதும் ஒரு கேள்வி. புலவர்களின் பாட்டுகள் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை ஏன் நிலைத்தன என்று பார்க்க வேண்டும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878 – 1953) ஆடிப்பிறப்பைப் பாடினார், கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடினார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் வீட்டு அடுப்பில் கொதித்ததையும், வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் நின்றதையும்தான் அவர் பாட்டாக்கினார். அதைப் படிக்கின்ற எங்கள் பிள்ளை, தன் வீட்டு நோன்புக் கஞ்சியையும் தன் வளவில் காய்கின்ற கருவாட்டையும் பாடிப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்கின்ற மரியாதை. அவருடைய வெருளியையே திரும்பவும் எழுதுவது மரியாதையல்ல.

எங்கள் மண்ணுக்கு இது புதிய பழக்கமும் அல்ல. எழுத வாசிக்கத் தெரியாத எங்கள் மூத்தம்மாமார் வயலையும் வரம்பையும், ஊரைவிட்டுப் போன கணவனையும், பெற்ற பிள்ளையையும் கவியாகச் சொன்னவர்கள். கரைவலை இழுத்தவர்கள் அம்பாப் பாடி இழுத்தார்கள். நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்திராவிட்டால் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளில் இன்னும் எவ்வளவோ, பாடியவர்களோடு கபுறுக்குள் போயிருக்கும். அந்தப் பெண்கள் பூஞ்சோலையைப் பாடவில்லை. கண்டதைப் பாடினார்கள், பட்டதைப் பாடினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் இரவல் பாட்டு எழுதிக் கொடுத்துக் கொண்டிருக்கின்றோம்.

இத்தனையும் சொன்ன பிறகு, நான் விட்ட ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு பூஞ்சோலைதான்.

என் வகுப்பில் ஒரு பிள்ளையின் உம்மா வெளிநாட்டில் வேலை செய்கின்றார். பிள்ளை சாச்சி வீட்டில் வளர்கின்றது. அவள் ஒரு பாட்டு எழுதினாள். இரவில் உம்மா போன் எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்பது பற்றிய பாட்டு. அதன் வரிகளை இங்கே தர மாட்டேன். அவை அவளுடைய கொப்பியில் இருக்கின்றன. சாச்சியின் சம்மதத்தோடு விஷயத்தை மட்டும் சொல்கின்றேன். சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று உம்மாவிடம் சொல்வதாகவும், போனை வைத்த பிறகு அழுகை வருவதாகவும் எழுதியிருந்தாள். வாசித்ததும் என் கண் கலங்கியது. நல்ல பாட்டு என்ற சந்தோஷத்தில் அன்றே வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

இரண்டு நாளில் சாச்சி வந்தார். கோபத்தைவிட அவமானம்தான் அவருடைய முகத்தில் இருந்தது. “நான் சோறு குடுக்காம வளக்கிறேன் எண்டு ஊர் சொல்லாதா டீச்சர்? ஒரு நாளாவது இந்தப் பிள்ளைய நான் பட்டினி போட்டிருக்கேனா?” என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். தாளைச் சுவரிலிருந்து கழற்றி அவருடைய கையிலேயே கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அந்தத் தாளை மீண்டும் ஒரு தடவை வாசித்தார். “இவ சாப்பிடாம இருக்கிறது எனக்குத் தெரியாது டீச்சர். போன் வருகிற நேரம் சோத்துக் கோப்பையோட உள்ளுக்குப் போயிருவா. பிறகு கோப்பை வெறுமையா வரும். பூனைக்குப் போடுறா போல” என்றார். அதற்குப் பிறகு பிள்ளைக்குச் சோறு கொடுத்து, அது சாப்பிட்டு முடிந்த பின்னர்தான் போனைக் கையில் கொடுப்பதாக ஒரு நாள் வழியில் கண்டபோது சொன்னார். பிள்ளையின் கவலை தீர்ந்துவிட்டதென்று நான் சொல்ல மாட்டேன். உம்மா இன்னும் வெளிநாட்டில்தான் இருக்கின்றார். ஆனால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாதிருந்த ஒன்று தெரிய வந்தது. அதைப் பிள்ளை வாயால் சொல்லியிருக்காது. பாட்டில்தான் சொல்ல முடிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. பாட்டு பிள்ளையின் சொத்து. பிள்ளை விரும்பினால்தான் வகுப்பில் வாசிக்கலாம். பிள்ளையும் வீட்டாரும் சம்மதித்தால்தான் சுவருக்கு வரலாம். பேஸ்புக்குக்கும் வட்ஸ்அப் குழுக்களுக்கும் எந்தப் பாட்டும் போவதில்லை. அன்றாட வாழ்க்கையைப் பிள்ளை எழுதினால் எங்களுடைய வீடும் அதற்குள் வரும். உண்மையை எழுதச் சொல்லிக் கொடுக்கின்ற நாங்கள் அந்த உண்மையைப் பாதுகாக்கவும் கடமைப்பட்டவர்கள்.

பெற்றோரே, இதற்கு நீங்கள் கவிஞராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையிடம் “ஒரு பாட்டு எழுது” என்று சொல்லாதீர்கள். “இன்றைக்கு என்ன கேட்டாய், என்ன கண்டாய்?” என்று கேளுங்கள். சொல்லி முடித்ததும் “பிறகு?” என்று கேளுங்கள். சொன்னதைக் கைதட்டிச் சொல்லிப் பார்க்கட்டும். ஆறு வரி போதும். எழுதிய அன்றைக்கு எழுத்துப் பிழை திருத்த வேண்டாம். அதை அடுத்த நாள் பார்த்துக் கொள்ளலாம். மாமி, சாச்சா வந்த நேரம் பாடிக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு அந்தக் கொப்பி வீட்டில் இருக்கின்ற எந்தச் சான்றிதழையும்விடப் பெறுமதியாக இருக்கும்.

மாணவிகளே, உங்கள் வீட்டில் தம்பியோ தங்கச்சியோ இருப்பார்கள். அஸருக்குப் பிறகு வாசற்படியில் அவர்களோடு கால் மணித்தியாலம் இருங்கள். நீங்கள் பேனையை எடுக்காதீர்கள். அவர்கள் சொல்லட்டும், அவர்களே எழுதட்டும். சொல் கிடைக்காமல் தவித்தால் மூன்று சொல்லைச் சொல்லி ஒன்றைத் தெரிவு செய்ய விடுங்கள். வரியைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அந்த இடத்தில்தான் தவறினேன்.

கல்லூரிக்கும் இந்த இதழின் ஆசிரியர் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் நான்கு பக்கங்களை ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். ஒரேயொரு நிபந்தனை போதும். பெரியவர்கள் கை வைத்த பாட்டு வேண்டாம். பரிசும் வேண்டாம். பரிசு என்று வந்தால் நாங்கள் பெரியவர்கள் திரும்பவும் பேனையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

பொய்தானே என்று கேட்ட அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. அவள் பிறகு என் வகுப்பில் எழுதிய பாட்டு இது. பிள்ளையும், வீட்டாரும், பாட்டின் கதாநாயகியான மூத்தம்மாவும் சம்மதம் தந்துள்ளார்கள்:

மூத்தம்மாட கண்ணாடி
மூக்கில தானே இருக்குது
வீடு முழுக்கத் தேடுறா
விரிச்ச பாயைத் தூக்குறா
சொல்லவா நான் வேணாமா?
சொன்னா சிரிப்பு முடிஞ்சிடும்

கொப்பியில் பாட்டுக்குக் கீழே அவளுடைய பெயர் இருந்தது. பாட்டின் எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். “இது ஆர் எழுதின?” என்று தெரியாதவள்போல் கேட்டேன். “நான்தான் டீச்சர்” என்றாள், என் முகத்தைப் பார்த்து.